கரையை நெருங்கி வலுவிழக்கும் புயல்: முன்கணிப்பின் சிக்கல்கள்

வெப்பமண்டலப் புயலின் வலு என்று வானிலை அறிவிப்புகள் குறிப்பிடுவது, அதன் மையத்தைச் சுற்றி வீசும் காற்றின் உச்ச வேகத்தை மட்டுமே. வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் உருவாகும் சுழல்களை இந்திய வானிலை ஆய்வுத் துறை மூன்று நிமிடச் சராசரிக் காற்றைக் கொண்டு வகைப்படுத்துகிறது. மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் வரை வீசினால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 50 முதல் 61 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62-ஐத் தொட்டால் அது புயலாகிப் பெயர் பெறும். 89-இல் தீவிரப் புயல், 118-இல் அதிதீவிரப் புயல். இந்தப் படிகளில் ஒன்றிலிருந்து கீழே இறங்குவதைத்தான் 'வலுவிழந்தது' என்கிறார்கள். மழை எவ்வளவு பெய்யும், எத்தனை மணி நேரம் நீடிக்கும், கடல் எவ்வளவு உயரும் என்பவற்றுக்கு இந்த வகைப்பாட்டில் இடமே கிடையாது. வலுவிழக்கும் புயலைக் குறித்த குழப்பங்களில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

புயல் உயிர் வாழ்வது கடலின் வெப்பத்தால். நீராவி மேலே எழுந்து மேகமாகக் குளிரும்போது விடுபடும் உள்ளுறை வெப்பம் மையத்தின் மேலுள்ள காற்றைச் சூடாக்குகிறது. அதனால் தரைமட்ட அழுத்தம் குறைந்து, சுற்றியுள்ள காற்று இன்னும் வேகமாக உள்ளே பாய்கிறது. இந்தச் சுழற்சி தடையின்றி நடக்க வேண்டுமானால் கடல் மேற்பரப்பு ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும். நடு அடுக்குக் காற்று ஈரமாக இருக்க வேண்டும். கீழ் அடுக்கிலும் மேல் அடுக்கிலும் காற்று ஏறக்குறைய ஒரே போக்கில் வீச வேண்டும். மூன்றில் ஒன்று கெட்டாலும் புயல் தளரும்.

இவற்றுள் புயலை மிக விரைவாகச் சிதைப்பது மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் இடையிலான காற்று வேறுபாடு. இந்த வேறுபாடு 10 நாட்டுக்கு (நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல் வேகம்) கீழ் இருந்தால் புயல் நிமிர்ந்து நிற்கும். 20 நாட்டைத் தாண்டினால், மேலே திரளும் இடிமேகங்கள் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு, கீழுள்ள சுழல் மூடாக்கு இல்லாமல் வெளியே தெரியத் தொடங்கும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் வங்கக் கடலின் தென்பகுதியில் மேலடுக்குக் கிழக்குக் காற்றும், வடக்கே மேலடுக்கு மேற்குக் காற்றும் வீசுகின்றன. இரண்டுக்கும் இடையில் ஓர் உயர் அழுத்த மேடு கிடக்கிறது. புயல் அந்த மேட்டைக் கடந்து வடக்கே ஏறினால் மேற்குக் காற்று அதன் தலையைக் கொய்துவிடும். அதே பருவத்தில் வட இந்தியாவிலிருந்து வறண்ட குளிர்காற்று கடலுக்குள் இறங்குகிறது. வங்கக் கடலின் வடமேற்குப் பகுதி தெற்கைவிட வேகமாகக் குளிர்கிறது. மூன்று பகைகளும் ஒரே திசையில் கூடுவதால், ஆண்டு முடியும் வேளையில் ஆந்திர, ஒடிசாக் கரைகளை நோக்கி ஏறும் புயல்கள் பல கடலிலேயே கரைந்துபோகின்றன. 2016 அக்டோபர் இறுதியில் கியான்ட் ஆந்திரக் கரைக்கு அப்பால் அப்படித்தான் அடங்கியது. 2021 டிசம்பரில் ஜவாத் பூரியை நெருங்கியபோது தாழ்வு மண்டலமாகச் சுருங்கியிருந்தது.

இந்த வகையில் நன்கு ஆராயத் தக்கது 2013 நவம்பரின் லெஹர். அந்தமான் தீவுகளைக் கடந்து அதிதீவிரப் புயலாக வளர்ந்த அது, ஆந்திரக் கரையை அதே வலுவுடன் தாக்கக்கூடும் என்ற அச்சம் முதலில் இருந்தது. ஒடிசாவில் பைலின் வீசி இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை; மசூலிப்பட்டினம் அருகே ஹெலன் கரையைக் கடந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஆனால் லெஹர் கடற்கரையை நோக்கி வரவர, வறண்ட காற்றும் மேலடுக்குக் காற்று வேறுபாடும் அதைக் குலைத்தன. நவம்பர் 28-இல் மசூலிப்பட்டினத்துக்கு அருகே கரையேறியபோது அது வெறும் தாழ்வு மண்டலம். அதிதீவிரப் புயல் என்ற நிலையிலிருந்து அந்த நிலைக்கு இறங்க அதற்கு மிகக் குறுகிய காலமே தேவைப்பட்டது. இவ்வளவு விரைவான சரிவை முன்கூட்டியே சரியான மணிக்கணக்கில் சொல்வது இன்றைக்கும் எளிதல்ல.

நிலமும் தன் பங்குக்குப் புயலைத் தளர்த்துகிறது, அதுவும் மையம் கரையைத் தொடுவதற்கு முன்பே. சுழலின் மேற்குப் பாதி நிலத்தின் மேல் வந்தவுடன் அப்பகுதிக் காற்றுக்கு ஈரவரத்து குறைகிறது, உராய்வு கூடுகிறது. தமிழகத்தை நோக்கி வரும் புயல்களுக்கு இலங்கை இன்னொரு தடை. அத்தீவின் மத்திய மலைநாடு சுழலின் கீழ் அடுக்கைக் கலைத்துவிடும். மெதுவாக நகரும் புயலுக்கு அதன் சொந்தக் காற்றே எதிரி: ஒரே இடத்தில் நின்று கடலைக் கலக்கும்போது ஆழத்துக் குளிர்நீர் மேலே வந்து வெப்ப வரத்தைக் குறைத்துவிடுகிறது.

புயல் இப்போது எவ்வளவு வலுவுடன் இருக்கிறது என்று தெரிந்தால்தான் இனி எவ்வளவு வலுவிழக்கும் என்று சொல்ல முடியும். அந்த முதல் கேள்விக்கே உறுதியான விடை கிடைப்பது அரிது. அட்லாண்டிக்கில் புயலுக்குள் விமானம் செலுத்தி நேரடியாக அளக்கிறார்கள். வங்கக் கடலில் அத்தகைய வழக்கமான பறப்புகள் இல்லை. இங்கே அடிப்படைக் கருவி, அமெரிக்க வானிலையாளர் வெர்னான் டிவோராக் 1970-களில் உருவாக்கிய முறை. செயற்கைக்கோள் படத்தில் மேகங்கள் எப்படிச் சுருண்டிருக்கின்றன, மையத்தை எவ்வளவு மூடியிருக்கின்றன என்று பார்த்து 'டி எண்' ஒன்றை வழங்கும் முறை அது. டி 2.0 என்றால் ஏறத்தாழ 30 நாட், அதாவது ஆழ்ந்த தாழ்வு மண்டலம். டி 2.5 என்றால் 35 நாட், அதாவது புயல். பெயர் வைப்பதும் வைக்காததும் இந்த அரை எண்ணில் தொங்குகிறது. ஒரே படத்தைப் பார்க்கும் தேர்ந்த இருவர் அரை எண் வேறுபடுவது இயல்பு.

வலுவிழக்கும் புயலில் இம்முறைக்கு இன்னொரு நுட்பம் தேவைப்படுகிறது. மேகங்கள் கலைந்தவுடன் டி எண் சட்டென்று விழுந்துவிடும். கடல்மட்டத்தில் சுழலும் காற்றோ அவ்வளவு விரைவில் அடங்காது. ஆகவே படம் காட்டும் எண்ணைவிட உயர்வாக, 'நடப்பு வலு எண்' என்ற ஒன்றைச் சில மணி நேரம் நிலைநிறுத்த வேண்டும் என்று டிவோராக்கே விதி வகுத்தார். படத்தில் புயல் செத்துவிட்டதுபோலத் தெரியும் வேளையிலும் படகைக் கவிழ்க்கும் காற்று கடலில் வீசிக்கொண்டிருக்கும் என்பதை இந்த விதி மறக்கவிடாது. நாளின் பொழுதும் கணிப்பாளரை ஏமாற்றும். கடலின் மேல் இடிமேகங்கள் பின்னிரவிலும் விடியலிலும் திரண்டு, பிற்பகலில் தளர்வது வழக்கம். மாலைப் படத்தை மட்டும் பார்த்து வலுவிழந்தது என்று முடிவு கட்டினால், அதிகாலைப் படம் அதைப் பொய்யாக்கும்.

கரைக்கு அருகே வந்ததும் டாப்ளர் ரேடார்கள் கைகொடுக்கின்றன. சென்னையிலும் காரைக்காலிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலும் அவை இருக்கின்றன. ஆனால் ரேடார் கதிர் நேர்கோட்டில் செல்கிறது, பூமியோ வளைந்திருக்கிறது. அரை பாகை உயர்த்திய கதிர் 250 கிலோமீட்டர் தொலைவை அடையும்போது கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். இடிமேகங்களை இழந்து தாழ்ந்துவிட்ட சுழலை அந்தத் தொலைவில் அது காணாது. கடற்பரப்பின் காற்றை அளக்கும் செயற்கைக்கோள்கள் நாளுக்குச் சில முறையே ஓரிடத்தைக் கடக்கின்றன. மிதவைகள் ஒன்றுக்கொன்று நெடுந்தொலைவில் நிற்கின்றன.

வலு குறித்த பிழை, வலுவோடு நின்றுவிடுவதில்லை. இதுவே இச்சிக்கலின் நடுமுடிச்சு. உயரமாக எழுந்து நிற்கும் வலுத்த புயலை, கீழிருந்து மேல் அடுக்கு வரை வீசும் காற்றுகளின் சராசரி செலுத்துகிறது. இடிமேகங்களை இழந்து குட்டையாகிவிட்ட சுழலைக் கீழ் அடுக்குக் காற்று மட்டுமே செலுத்தும். வங்கக் கடலில் டிசம்பர் மாதத்தின் கீழ் அடுக்குக் காற்று வடகிழக்குப் பருவக்காற்று. ஆகவே வலுத்த புயல் வடக்கே ஏறும் இடத்தில், வலுவிழந்த புயல் தென்மேற்கே திரும்பிவிடும். 2013 டிசம்பரில் மாதி செய்தது இதைத்தான். அதிதீவிர நிலை வரை வளர்ந்து வடக்கு நோக்கி ஏறியது. மேலடுக்குக் காற்றில் சிக்கித் தளர்ந்தது. பின் வந்த வழியே தென்மேற்காகத் திரும்பி, டிசம்பர் 12-இல் வேதாரண்யம் அருகே தாழ்வு மண்டலமாகக் கரையேறியது. ஆக, எப்போது வலுவிழக்கும் என்பதில் பன்னிரண்டு மணி நேரம் பிழைத்தால் எங்கே கரையேறும் என்பதில் நூறு கிலோமீட்டருக்கு மேல் பிழைக்கும். பாதைப் பிழை மழை எங்கே விழும் என்பதையும் மாற்றிவிடும்.

செலுத்தும் காற்றுகள் ஒன்றையொன்று ஈடுகட்டினால் சுழல் நகராமலே நின்றுவிடுவதும் உண்டு. 2020 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு திருகோணமலைக்கு வடக்கே இலங்கையில் கரையேறிய புரெவி, மறுநாள் பாம்பனை நெருங்கி, ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகத் தளர்ந்து, ராமநாதபுரம் கடற்கரைக்கு அருகே மன்னார் வளைகுடாவில் அசையாமல் நின்றது. தென்கோடி மாவட்டங்களும் கேரளமும் பெருமழையை எதிர்பார்த்து ஆயத்தமாயின. அங்கே எதிர்பார்த்த அளவு பெய்யவில்லை. சுழலுக்கு வடக்கே, வங்கக் கடலின் ஈரக்காற்று குவிந்த காவிரிப் படுகையில் மழை கொட்டியது: கொள்ளிடத்தில் 36 செ.மீ., சிதம்பரத்தில் 34 செ.மீ. சிதம்பரம் நடராசர் கோயிலுக்குள் வெள்ளம் நின்றது. புயல் நின்ற இடம் ஒன்று, அதன் மழை விழுந்த இடம் வேறு.

வலுவிழக்கும் என்று கணித்தது வலுத்து வருவதும் நடக்கிறது. இரண்டு பிழைகளில் கொடியது இதுவே. 2018 நவம்பரில் கஜா கடலில் தீவிரப் புயலாகி, கரையை நெருங்கும்போது சற்றுத் தளர்ந்து புயலாகக் கடக்கும் என்பதே தொடக்க அறிவிப்புகளின் கணிப்பு. அது தளரவில்லை. கரைக்கு அருகே மேலும் வலுத்து, நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே தீவிரப் புயலுக்குக் குறையாத வேகத்துடன் நுழைந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தென்னந்தோப்புகள் ஓரிரவில் சாய்ந்தன. இறுதிக் கட்ட எச்சரிக்கைகள் உயர்த்தப்பட்டதால் கரையோர மக்கள் பலர் முன்பே வெளியேற்றப்பட்டிருந்தனர். உள்நாட்டில் அந்த அளவு ஆயத்தம் இல்லை. மையம் சிறிதாக இருக்கும் புயல்கள் சூழலின் சிறு மாற்றத்துக்கும் விரைந்து எதிர்வினை காட்டும் என்பது பொதுவாக அறியப்பட்டது. அவை விரைவில் கரையும், விரைவில் வலுக்கவும் செய்யும்.

2024 நவம்பரின் ஃபெஞ்சல் இரு திசைகளிலும் கணிப்பை அலைக்கழித்தது. ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகி நாள் கணக்கில் மெதுவாக ஊர்ந்து, எதிர்பார்த்த நாளில் புயலாகவில்லை. தாழ்வு மண்டலமாகவே கரையேறும் என்று கணிப்பு மாற்றப்பட்ட பின், நவம்பர் 29-இல் புயலாகியது. 30-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டிப் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும் அங்கேயே பல மணி நேரம் நின்றது. புதுச்சேரியில் ஒரு நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை பதிவானது, மயிலத்தில் அதையும் தாண்டியது.

மழைக்கும் காற்றின் வலுவுக்கும் உள்ள உறவு தளர்வானது என்பதை விளக்கக் கணக்கு ஒன்றே போதும். மணிக்கு 3 செ.மீ. வீதம் பெய்யும் மழைமேகத் திரள் ஐந்து மணி நேரத்தில் ஓர் ஊரைக் கடந்தால் 15 செ.மீ. பெய்யும். அதே திரள் பதினாறு மணி நேரம் நின்றால் 48 செ.மீ. மழையைத் தீர்மானிப்பவை ஈரத்தின் அளவு, அது குவியும் இடம், நிற்கும் நேரம். மூன்றுமே காற்று தளர்ந்த பிறகும் நீடிக்கக் கூடியவை. சில நேரம் கூடவும் கூடும், ஏனெனில் வலுவிழந்த சுழல் பெரும்பாலும் மெதுவாக நகரும். மேலடுக்கில் கிழக்குக் காற்று வலுத்திருந்தால் மேகங்கள் மையத்துக்கு முன்னால் மேற்கே தள்ளப்பட்டு, சுழல் கடலில் இருக்கும்போதே கரையில் மழை கொட்டும். மேற்குக் காற்றாக இருந்தால் மேகங்கள் கடலுக்குள் ஒதுங்கி, மையம் கடந்த ஊரிலேயே தூறலோடு முடியும். சுழலைக் கொன்ற அதே காற்றுதான் மழை எந்தப் பக்கம் விழும் என்பதையும் முடிவு செய்கிறது. இதைக் கணிக்காத வலுக் கணிப்பு பாதிப் பயனே தரும்.

தமிழகத்தின் பெருமழைப் பதிவுகளைப் பார்த்தால் பெரும் புயல்களின் பெயர்கள் முதலிடத்தில் இல்லை. 2008 நவம்பரில் காரைக்கால் அருகே கரையேறிய நிஷா தீவிரப் புயல் நிலையைக்கூட எட்டாதது. ஆனாலும் அதனால் ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 செ.மீ. பெய்தது. 2015 டிசம்பர் 1-இல் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியபோது புயலே இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. பெய்வித்தது வெறும் மேலடுக்குச் சுழற்சி. 2025 நவம்பர் இறுதியில் இலங்கையைக் கடந்த திட்வா, பெயர் பெற்ற புயல்களில் மிகத் தாழ்ந்த வகையைச் சேர்ந்தது. அதன் மழையாலும் மலைநாட்டு நிலச்சரிவுகளாலும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பின்னர் அது தமிழகக் கரைக்கு இணையாக வடக்கே நகர்ந்து, வலுவிழந்து சென்னைக்கு அப்பால் கடலில் நின்றபோதும் டிசம்பரின் முதல் இரு நாட்களில் சென்னை, திருவள்ளூர் பகுதிகளில் கனமழை பெய்தது.

கடல்நீர் எழுச்சியும் காற்றோடு உடனே தணிவதில்லை. 2005 ஆகஸ்டில் மெக்சிகோ வளைகுடாவில் அமெரிக்கப் புயல் அளவுகோலின் ஐந்தாம் வகைக்கு உயர்ந்த கத்ரீனா, மூன்றாம் வகையாகத் தளர்ந்த பிறகே கரையேறியது. ஆனால் முந்தைய நாள் முழுவதும் அகன்ற பரப்பில் தள்ளிய நீரும் எழுப்பிய அலைகளும் குறையவில்லை. மிசிசிப்பிக் கரையில் கடல் 8 மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. 2018 செப்டம்பரில் நான்காம் வகையிலிருந்து முதல் வகைக்கு இறங்கி வட கரோலினாவில் நுழைந்த ஃப்ளாரன்ஸ், நடைவேகத்தில் ஊர்ந்து, சில இடங்களில் 90 செ.மீ. வரை மழை பெய்வித்தது. வலுவிழந்த செய்தி கேட்டு மக்கள் ஆறுதல் கொள்வதே அங்கும் அதிகாரிகளின் பெருங்கவலையாக இருந்தது.

கணினி மாதிரிகள் கடந்த முப்பது ஆண்டுகளில் புயலின் பாதையைக் கணிப்பதில் பெரிதும் தேறியுள்ளன. வலுவைக் கணிப்பதில் அந்த அளவு தேறவில்லை. பாதையை முடிவு செய்வது ஆயிரம் கிலோமீட்டர் அளவிலான காற்றோட்டம். வலுவை முடிவு செய்வதோ சில பத்து கிலோமீட்டருக்குள் நடக்கும் மேகச் செயல்பாடு. 9 முதல் 13 கிலோமீட்டர் கட்டங்களில் உலகைப் பார்க்கும் மாதிரி, சிதைந்த சுழலின் மையத்தைச் சரியாகப் பிடிப்பதில்லை. சில வேளை பழைய மையம் அழிந்து, இடிமேகங்களுக்கு அடியில் புதிய மையம் பிறந்துவிடும். அதுவரை வரைந்த பாதைகளெல்லாம் வீணாகும். இக்குறையை ஈடுசெய்ய இந்திய வானிலை ஆய்வுத் துறை, பழைய புயல்களின் புள்ளிவிவரத்தையும் மாதிரிகளின் சூழல் கணிப்பையும் இணைக்கும் முறைகளைப் பயன்படுத்துகிறது. நிலத்தில் ஏறியபின் காற்று எப்படித் தணியும் என்பதற்கு ஜான் கப்லானும் மார்க் டிமரியாவும் 1995-இல் அமெரிக்கப் புயல்களைக் கொண்டு உருவாக்கிய சரிவுச் சமன்பாடு முன்னோடியாக உள்ளது. ஒரே மாதிரியைச் சிறு மாறுதல்களுடன் ஐம்பது முறை ஓட்டிப் பார்ப்பது இன்னொரு வழி. ஐம்பதில் முப்பது சுழலைக் கரைத்து, இருபது வலுக்கச் செய்தால், ஒற்றை விடையை மட்டும் சொல்வது நேர்மையாகாது. ஐயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதைச் சொல்லும் விதத்தில்தான் குறை மிகுதி. பெயர், வேகம், கடக்கும் இடம், நேரம் என்ற நான்கைச் சுற்றியே புயல் செய்தி அமைகிறது. வகை ஒரு படி இறங்கியவுடன் துறைமுகப் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண் குறைகிறது, தொலைக்காட்சிகள் வேறு செய்திக்குப் போகின்றன. அறிவிப்பின் பின்பகுதியிலோ அதிகனமழைக்கான சிவப்பு எச்சரிக்கை அப்படியே நிற்கும். மீனவர்களுக்கும் இதே நிலை. ஆழ்ந்த தாழ்வு மண்டலத்தில் 55 கிலோமீட்டர் வேகக் காற்று இடையிடையே 65-ஐத் தாண்டி அடிக்கும். நாட்டுப்படகுக்கு அது புயலேதான். மறுபுறம், வலுத்துவரும் என்று சொல்லிக் கரைந்துபோனால் அடுத்த எச்சரிக்கையை மக்கள் நம்ப மாட்டார்கள் என்ற அச்சம் கணிப்பாளருக்கு உண்டு. அந்த அச்சத்துக்கு மருந்து, காற்றுக்கும் மழைக்கும் கடலுக்கும் தனித்தனியே எச்சரிக்கை நிலை அறிவிப்பதுதான். நிற வகை எச்சரிக்கைகளும் பாதிப்பு அடிப்படையிலான முன்னறிவிப்புகளும் அத்திசையில் எடுத்த நல்ல அடிகள். புயலின் பெயர் இன்னும் அவற்றை மறைத்து நிற்கிறது.

கரையைக் கடந்த பின் சுழலைத் தொடர்வது முன்கணிப்பின் கடைசிக் கட்டம். அதிகம் புறக்கணிக்கப்படுவதும் அதுவே. நிலத்தின் மேல் தாழ்வு மண்டலமாகத் தேய்ந்த சுழல், கடலிலிருந்து ஈரக்காற்றை இழுத்துக்கொண்டே மேற்கே நகரும். கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் சரிவில் அந்த ஈரம் மேலெழுந்து மழையாகும். ஃபெஞ்சல் அவ்வாறு தளர்ந்து உள்நாட்டுக்குள் சென்றபோது, கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பெய்தது. திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஏழு உயிர்களைக் கொண்டது. சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணைக் கரை ஊர்களை மூழ்கடித்தது. புயல் எச்சரிக்கையைக் கடலோர மாவட்டங்களுக்கு உரியதாக மட்டும் கருதும் வழக்கத்தை மாற்றி, சுழல் முற்றிலும் கலையும் வரை ஆற்றுப் படுகைவாரியாக மழைக் கணிப்பையும் அணை நீர்வரத்துக் கணிப்பையும் ஒன்றாக வெளியிடுவது வானிலைத் துறையும் நீர்வளத் துறையும் உடனே செய்ய வேண்டிய பணி.